குப்பை உரம் சும்மா வராது!



"ரசாயனத்தை விடுங்க, மக்கு உரம் போடுங்க"னு விவசாயிக்குப் புத்தி சொல்ல எல்லாரும் வர்றாங்க. கணக்கை யார் பார்த்தாங்க?

45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கு. ஒரு டன் தொழு உரத்தில் ஏறக்குறைய 5 கிலோதான். ஒரு மூட்டைக்கு ஈடா 4 டன் எருவைக் கல்வராயன் மலைக் காட்டுக்கு ஏத்தணும். குழி வெட்டணும், தண்ணி தெளிக்கணும், கிளறணும், மாதக்கணக்கில் காத்திருக்கணும். அத்தனையும் கூலி!

அப்போ வேண்டாமா? கட்டாயம் வேணும். மரவள்ளி பிடுங்கின சரிவு நிலத்தில் மழைக்கு மண் கரைஞ்சு ஓடுது. அந்த மண்ணைப் பிடிச்சு வைக்கவும், ஈரம் காக்கவும் மக்கு உரம் உதவும். யூரியாவால் அது முடியாது.

கள்ளக்குறிச்சியில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. வயலில் கொளுத்தும் கரும்புத் தோகை இருக்கு. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளின் கழிவு இருக்கு.

நம் கோரிக்கை ஒன்றுதான்: யூரியாவுக்கு மானியம் உண்டு. அதேபோல குழி வெட்டும் கூலிக்கும், மலையேத்தும் வண்டி வாடகைக்கும் அரசு பங்கு தரணும். மண்ணைக் காக்கும் செலவை விவசாயி தலையில் மட்டும் கட்டாதீங்க!

உங்க ஊரில் ஒரு டன் எரு ஏத்த வண்டி வாடகை எவ்வளவு? எழுதுங்க, பகிருங்க.