முடவன் முழுக்கு

பள்ளிப் புத்தகங்கள் இலையுதிர் காலம் என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தன. காவிரிக் கரையில் அப்பருவத்தில் இலை உதிர்வதில்லை. அரசமரம் இலைகளைக் கழிப்பது மாசி, பங்குனியை ஒட்டித்தான். ஐப்பசியும் கார்த்திகையும் நம் முன்னோருக்குக் கூதிர் காலம். வடமொழியில் சரத் ருது. வெயில் தணிந்து, பகல் குறுகி, அடைமழை பிடிக்கும் பருவம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பஞ்சாங்கம் பார்க்காமலே அதன் வருகை தெரிந்துவிடும்.

சூரியன் துலா ராசியில் நிற்கும் ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் நீராடுவது வழக்கம். கங்கை முதலிய நதிகள், மக்கள் தம்மிடம் விட்டுச் சென்ற பாவங்களைப் போக்கிக்கொள்ள அம்மாதம் காவிரிக்கு வருவதாக ஐதீகம். மாதத்தின் இறுதிநாள் கடைமுழுக்கு. கணக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆயினும் கார்த்திகை முதல் நாளும் அங்கே ஒரு முழுக்கு உண்டு. நெடுந்தொலைவிலிருந்து வந்த முடவர் ஒருவர் கரையை அடைந்தபோது ஐப்பசி கழிந்துவிட்டது. அவர் இறைவனிடம் முறையிட, அன்று நீராடினாலும் அதே பலன் உண்டு என்று ஈசன் அருளினார். அச்சலுகை அவர் ஒருவரோடு நிற்கவில்லை.

கார் கூதிராகும், கூதிர் பனியாகும். எந்தப் பருவமும் கெஞ்சினால் நிற்பதில்லை. முடவர் அதை அறிந்தும் பாதிவழியில் திரும்பவில்லை. வயது ஏறியவர்கள் பலருக்கு ‘இனி என்ன’ என்பது பழகிய சொல்லாகிவிடுகிறது. தேவாரம் ஓதக் கற்கவில்லை, இனி என்ன. உடன்பிறந்தவரோடு பேச்சில்லை, இனி என்ன.

பாகப்பிரிவினையில் மனம் கசந்த சகோதரர் இருவர், 12 ஆண்டுகளாக ஒரே கடைமுழுக்கில் வெவ்வேறு படித்துறைகளில் இறங்கி வந்தார்கள். மூத்தவருக்கு 75 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. அதன்பின் நெரிசலில் இறங்க இயலவில்லை. பிறர் கையைப் பற்ற மனம் இடங்கொடுக்கவில்லை. இரண்டு ஐப்பசிகள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. மூன்றாம் ஆண்டு, கூட்டம் கலைந்த கார்த்திகை முதல் நாள் காலையில், பெயரனின் கையைப் பிடித்துக்கொண்டு தூறலில் வந்தார். நெரிசலுக்கு அஞ்சித் தம்பியும் அன்றே வந்திருந்தார். நீராடி முடித்து மேல்படியில் தலை துவட்டிக்கொண்டிருந்தார். முதலில் பேசியவர் மூத்தவர்தான்.

“டேய், இந்தப் பக்கம் நீ பிடிச்சுக்கோ. சின்னப் பையன், என் பாரத்தை அவன் தாங்கமாட்டான்.”

தம்பி துண்டைப் படியில் வைத்துவிட்டு, மறுபடியும் நீரில் இறங்கினார்.