மாத்திரை வேகம் இறங்கினால் மறுபடி வலி! சிக்குன்குனியா மூட்டு வலிக்கு உடற்பயிற்சி கைகொடுக்குமா?

சிக்குன்குனியா காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். அது விட்டுப்போகிற மூட்டு வலிதான் ஆளை முடக்கிப்போடுகிறது. விரல், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று பிடித்த வலி பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. வயதானவர்கள் சிலரை வருஷம் தாண்டியும் விடுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த நோய் புதுசு இல்லை. 1964-ல் சென்னையில் பரவியது. அப்புறம் ஏறக்குறைய 40 வருஷம் பெரிதாகச் சத்தமில்லை. 2006-ல் திரும்பி வந்தபோது நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு என்று அரசு கணக்கு சொன்னது. வீட்டுக்கு வீடு படுத்துக்கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அதுவும் குறைச்சலாகத்தான் தெரியும். பெயரைக் கேட்டு கோழிக்கறியைச் சந்தேகப்பட்டவர்களும் உண்டு. கோழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியில் 'வளைந்து போவது' என்று அர்த்தம். வலியில் ஆள் கூனிப்போவதைப் பார்த்து வைத்த பெயர்.

கூலி போச்சு

சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சட்டி தூக்க முடியாது. தறி ஓட்டுபவருக்கு நூல் முடிச்சுப் போட விரல் மடங்காது. ஆட்டோ டிரைவருக்கு கிளட்ச் பிடிக்க வராது. காலையில் எழுந்ததும்தான் விறைப்பு அதிகம். வேலைக்குக் கிளம்புகிற நேரமும் அதுதான்.

அதனால் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அன்றைய கூலி கிடைக்கும். ராத்திரி பழைய கதைதான். டாக்டரைக் கேட்காமல் மாசக்கணக்கில் போட்டால் வயிறும் கிட்னியும் கெடும்.

இன்னொரு பக்கம், 'அசையவே கூடாது' என்று படுத்தே கிடப்பவர்கள். அதுவும் தப்பு. அசையாத மூட்டு இன்னும் இறுகும், தசை பலம் போகும்.

காய்ச்சல் நேரத்தில் ஓய்வு, தேறி வரும்போது லேசான உடற்பயிற்சி, பிசியோதெரபி. உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குச் சொன்ன வழி இது. உள்ளங்கையால் பின்னந்தலையைத் தொடுவது, கணுக்காலை மெதுவாக அசைப்பது, கப்பியில் கயிறு போட்டு கையை இழுப்பது என்று எளிமையான பயிற்சிகள்தான். கடுமையாகச் செய்தால் வலி கூடும். வீங்கிய மூட்டுக்கு குளிர்ந்த ஒத்தடம் சிலருக்கு இதம் தரும்.

பிரேசிலில் நாள்பட்ட வலிக்காரர்களுக்கு 12 வாரம், மொத்தம் 24 தடவை பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது, உட்கார்ந்து எழுவது சுலபமானது. சின்ன ஆய்வுகள்தான். ஆனாலும் நம்பிக்கை தருகின்றன.

24 தடவை யார் போவது?

சிக்கலே இங்கேதான். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வந்தாலே தினக்கூலிக்காரருக்கு அரை நாள் சம்பளம் போகும். மூணு மாசம் இப்படிப் போகச் சொன்னால் யாரால் முடியும்? சோம்பேறித்தனம் என்று அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க வழி செய்யப்பட்டது. சிக்குன்குனியா வலிக்காரர்களுக்கும் இதுபோல வந்து இரண்டு மூன்று தடவை கற்றுக்கொடுத்தாலே மீதியை வீட்டிலேயே செய்துகொள்வார்கள். சாயங்காலம் வேலை விட்ட பிறகு வந்தால் கூலியும் போகாது.

மூணு மாசம் தாண்டியும் மூட்டு வீங்கியே இருந்தால் பயிற்சியை மட்டும் நம்பக்கூடாது. அது மூட்டுவாதமாகவும் இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.