பொத்தானை அழுத்தினால் பால் வரவில்லையா?

“எங்கள் மகளிர் குழு, வங்கிக் கடனில் பால் வழங்கும் இயந்திரம் வாங்கிப் பேருந்து நிறுத்தத்தில் வைத்திருக்கிறது. இரண்டு மாதமாகப் பொத்தானை நாலைந்து முறை அழுத்தினால்தான் பால் வருகிறது. மெக்கானிக் வர மூன்று நாள் ஆகிறது. வந்தவர், ‘போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்கிறார். வாடிக்கையாளர்கள் பாக்கெட் பாலுக்குப் போகிறார்கள். கடன் தவணை நிற்கவில்லை. என்ன செய்வது?”
– வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்.

போர்டை மாற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள், சகோதரி. ஒரு முறை வேலை செய்து, மறுமுறை செய்யாமல் போகும் கோளாறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் சிறிய சுவிட்சையும் அதன் வயரையும்தான். அதன் விலை போர்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. வாரண்டி முடியவில்லை என்றால் மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். விற்றவரையே வரச் சொல்லுங்கள்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே கண்டன்சரில் மின்சாரம் தங்கி நிற்கும் என்பதால் பத்து நிமிடம் பொறுங்கள். பால் கழுவிய ஈரக்கையோடு தொடக்கூடாது. ஊரில் பம்ப்செட் வயரிங் செய்பவர் யாரையாவது உடன் வைத்துக்கொள்வது நல்லது.

பொத்தானை அழுத்தும்போது ‘டிக்’ என்று கேட்கிறதே, சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்பார்கள். அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் சத்தம். மின்சாரம் போனதற்கு அது சாட்சி இல்லை. மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வயர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, சுவிட்சிலிருந்து ஒரு வயரையாவது கழற்றுங்கள். கழற்றாமல் சோதித்தால், போர்டு வழியாக வேறு பாதை கிடைத்து மீட்டர் தவறாகக் காட்டும். மூன்று கால்கள் இருந்தால் ஒன்று பொதுக்கால். ஒன்று அழுத்தும்போது சேரும். மற்றொன்று அழுத்தும்போது பிரியும். வயர் வந்த இரண்டு கால்களிலும் மீட்டரை வைத்து இருபது முறை அழுத்திப் பாருங்கள். நல்ல சுவிட்ச் ஒவ்வொரு முறையும் ஒரு ஓம் அளவுக்குள் காட்டும். ஒருமுறை 20, மறுமுறை 200 என்று குதித்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

சுவிட்ச் நன்றாக இருக்கிறதா? வயரை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். தினமும் கழுவும் இடத்தில் வயர் நுனியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். எறும்பையும் மறக்காதீர்கள். பால் வாசமும் கதகதப்பும் இருக்கும் இடத்தில் எறும்பு குடியேறாமல் இருக்குமா?

சுவிட்சை மாற்றும்போது பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. “பெரிய ஆம்பியர் சுவிட்ச் போட்டால் நீடித்து உழைக்கும்” என்று கடையில் 16 ஆம்பியர் தருவார்கள். மோட்டாருக்கு அந்தக் கணக்கு சரி. அங்கே ஓடும் அதிக மின்சாரம், தொடும் முனையில் படியும் கருப்பைத் தானே எரித்துவிடும். இந்தப் பொத்தானில் பெரும்பாலும் 5 அல்லது 12 வோல்ட்டில் மிகச் சிறிதளவு மின்சாரம்தான் ஓடும். அதற்குக் கருப்பை எரிக்கும் பலம் கிடையாது. அதனால் தங்கமுலாம் பூசிய முனையுள்ள, 0.1 ஆம்பியர் என்று எழுதிய சிறிய சுவிட்சைக் கேளுங்கள். பழையதையும் கையில் கொண்டு போங்கள். முனையை உப்புக் காகிதத்தால் தேய்த்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முலாம் போய்விடும், ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

சிலருக்கு நேர்மாறான தொல்லை. பால் நிற்காமல் வழியும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சொட்டினால் வால்வின் வாஷரில் அழுக்கு. பிடுங்கினால் நின்றுவிட்டால், பொத்தான் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் மின்சாரம் கொடுங்கள். இப்போது வழியவில்லை என்றால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போதும் வழிந்தால்தான் போர்டின் ரிலேயைச் சந்தேகிக்கலாம். தொட்டியில் பால் இருந்தும் ‘பால் இல்லை’ என்று காட்டினால், மிதவையில் பால்கொழுப்பு படிந்து அது மேலெழாமல் சிக்கியிருக்கும். வெந்நீரும் சோப்புக் காரமும் போட்டுக் கழுவினாலே சரியாகும்.

கதவுச் சுவிட்சை மட்டும் கம்பி போட்டுக் கட்டாதீர்கள். ஸ்டார்ட்டரில் தீக்குச்சி செருகிப் பழகிய கை நமக்கு! கதவைத் திறந்ததும் இயந்திரத்தை நிறுத்துவதற்காகவே அது இருக்கிறது.

ரிப்பேர் நடக்கும் நேரத்தில் பாலை 4 டிகிரி குளிரில் வைக்க வழி செய்துகொள்ளுங்கள். பக்கத்துச் சங்கத்தின் குளிரூட்டும் தொட்டியில் இடம் கேட்கலாம். அளவுப் பகுதியில் முத்திரை இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது முத்திரை ஆய்வாளர் வேலை. எல்லாம் மாட்டிய பிறகு, முத்திரையிட்ட அரை லிட்டர் குவளையில் நாலைந்து முறை பிடித்துப் பார்த்து, அளவு சரியென்றால் விற்பனையைத் தொடங்குங்கள்.