கொதிக்கும் கார்: மூடியைத் தொடாதீர்கள்!

கத்திரி வெயில். அண்ணா சாலை சிக்னலில் நிற்கும் காரின் முன்பக்கம் குபுகுபுவென ஆவி வருகிறது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். டிரைவர் பதறிப்போய் இறங்கி, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகுகிறார்.

தப்பு, பெரிய தப்பு! உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி கழன்றால் அத்தனையும் பொங்கி மேலே அடிக்கும். முகமும் கையும் வெந்து போகும். என்ஜினை அணைத்து அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். பின்னால் இருப்பவர் கத்தினால் கத்தட்டும்!

அப்புறம் நோயைப் பார்க்கலாம். நெரிசலில் மட்டும் சூடேறி, ஓடும்போது இறங்கினால் பேன் மேல் சந்தேகம். வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம். போரிங் தண்ணீரையே ஊற்றி வந்தால் உப்பு படியாமல் என்ன செய்யும்? கீழே ஒரு சொட்டு ஒழுகாமலே தண்ணீர் குறைந்து, வெள்ளைப் புகையும் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதை ஓட்டக்கூடாது, கட்டி இழுத்துத்தான் போகணும்.

சில மெக்கானிக்குகள் தெர்மாஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இனி சூடே ஏறாது சார்" என்பார்கள். என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்குமே, அந்தக் காசை யார் கொடுப்பது? புதுசு வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.