வாயிலில் கேட்கப்படும் ஒப்புதல்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் பழுதடைந்துள்ள அட்டைக் கருவியைச் சீரமைப்பதா, முகத்தை அடையாளம் காணும் கருவிக்கு மாறுவதா என்ற விவாதம் நடக்கிறது. செலவைப் பகிரும் உரிமையாளர்களுக்கே வாக்கு; முகத்தைப் பதியவேண்டிய வீட்டுப் பணியாளர்களுக்கு இல்லை. முடிவெடுப்போர் ஒருபுறம், அதன் சுமையை ஏற்போர் மறுபுறம்: பொருளியலில் இதைப் ‘புறவிளைவு’ என்போம்.

ஒப்புதல் சுதந்திரமாக அளிக்கப்பட வேண்டும், தேவையான தரவுக்கு மட்டுமே அது பொருந்தும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மறுத்தால் வேலை போய்விடும் என்ற அச்சத்தில் தரப்படும் ஒப்புதல் சுதந்திரமானதா?

தொலைந்த அட்டையை முடக்கிப் புதியது தரலாம்; கசிந்துவிட்ட முகத்தை மாற்ற இயலாது. எனவே, அட்டைமுறையைச் சீரமைப்பதே போதுமானது என்பேன். முகப்பதிவுதான் வேண்டுமெனில், மறுப்போருக்கு அட்டையும், பணியிலிருந்து விலகியோரின் பதிவை அழிப்பதற்கான காலக்கெடுவும் சங்கத் தீர்மானத்திலேயே இடம்பெற வேண்டும்.