காத்திருப்பில் கரையும் சிகிச்சையின் பயன்

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆம் திகதி ஆரம்பிக்கப்பட்டபோது, நோயாளியின் பண வசதியைப் பாராது அவரது தேவையை மாத்திரம் பார்த்தே சிகிச்சை அளிக்கப்படும் என்பது அதன் அடிப்படை வாக்குறுதியாக இருந்தது. முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் அவ்வாக்குறுதி கைவிடப்படவில்லை. ஆனால், அது நிறைவேறுவதற்கு எடுக்கும் காலம் நீண்டுகொண்டே செல்கின்றது. இவ்வாறு நீண்டு செல்லும் வரிசைகளுள் அதிகம் பேசப்படாத ஒன்று, மிகை உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சையை எதிர்பார்த்திருப்போரின் வரிசையாகும். இங்கிலாந்தில் வாழும் எமது உறவுகளில் பலருக்கும் நீரிழிவு ஒரு குடும்ப நோயாகிவிட்டிருக்கும் நிலையில், இதனை அந்நிய நாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இச்சத்திரசிகிச்சை அழகுக்காகச் செய்யப்படுவதன்று. இரைப்பையின் பெரும் பகுதியை அகற்றி அதனை ஒடுங்கிய குழாயாக்குவதும், இரைப்பையில் சிறு பை ஒன்றை அமைத்து அதனைச் சிறுகுடலின் கீழ்ப் பகுதியுடன் நேரடியாக இணைப்பதும் இன்று பரவலாகச் செய்யப்படும் இரு முறைகளாகும். சுவீடனில் 4,047 பேரை நீண்டகாலமாகப் பின்தொடர்ந்த ஆய்வின் பெறுபேறு 2007 ஆம் ஆண்டு வெளியானது. சராசரியாக 11 ஆண்டுகள் வரையிலான கண்காணிப்பின் முடிவில், சத்திரசிகிச்சை பெற்றவர்கள் மத்தியில் மரண அபாயம் ஏனையோரை விட 29 சதவீதம் குறைவாக இருந்தமை கண்டறியப்பட்டது. அதே ஆய்வில், சத்திரசிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளர்களில் 72 சதவீதமானோர் இரண்டு ஆண்டுகளின் பின்னர் அந்நோயிலிருந்து விடுபட்டிருந்தனர். பத்து ஆண்டுகளின் பின்னரும் 36 சதவீதமானோர் அந்நிலையில் இருந்தனர். உயிர் காக்கும் சிகிச்சைகளின் வரிசையில் இதனையும் வைத்து நோக்க வேண்டும் என்பதற்கு இவ்விலக்கங்களே போதுமானவை.

யாருக்கு இது வழங்கப்பட வேண்டும் என்பதிலும் குழப்பம் இல்லை. சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் 'நைஸ்' நிறுவனத்தின் பரிந்துரைப்படி, உடற்திணிவுச் சுட்டி 40 அல்லது அதற்கு மேற்பட்டவர்களும், 35 இற்கும் 40 இற்கும் இடைப்பட்ட சுட்டியுடன் நீரிழிவு, உயர் குருதியமுக்கம் போன்ற நோய்களைக் கொண்டவர்களும் இதற்குத் தகுதியுடையவர்களாவர். தெற்காசியப் பின்னணி கொண்டவர்களுக்கு இவ்வெல்லைகள் 2.5 புள்ளிகளால் குறைக்கப்பட வேண்டும் என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் எம்மவரைப் பற்றிக்கொள்கின்றமையே இதற்குக் காரணமாகும். அண்மைக்காலத்தில் நீரிழிவுக்கு உள்ளானவர்களைத் தாமதமின்றி மதிப்பீட்டுக்கு உட்படுத்த வேண்டும் என்ற பரிந்துரையும் 2014 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. இருந்தும், தகுதியுடையோரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே ஆண்டுதோறும் அரச செலவில் இச்சிகிச்சையைப் பெறுகின்றனர்.

ஏன் இந்த இடைவெளி? விடையின் ஒரு பகுதி, வரிசைக்கு முன்னால் உள்ள வரிசையில் இருக்கின்றது. குடும்ப வைத்தியர் ஒருவர் தமது நோயாளியை நேரடியாகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பிவிடுவதில்லை. முதலில் அந்நோயாளி வைத்தியர், போசணை ஆலோசகர், உளவியலாளர் ஆகியோரைக் கொண்ட எடை முகாமைத்துவப் பிரிவொன்றில் பல மாதங்களைச் செலவிட வேண்டும். அத்தகைய பிரிவில் இடம் கிடைப்பதற்கே நீண்ட காலம் செல்கின்றது. சில பிரதேசங்களில் அப்பிரிவு இல்லவே இல்லை. நோயாளி 18 வாரங்களுக்குள் சிகிச்சையை ஆரம்பிக்க வேண்டும் என்று அரசாங்கம் நிர்ணயித்துள்ள இலக்கு, நிபுணத்துவ வைத்தியர் தலைமையிலான சிகிச்சைக்கே உரியது. ஆதலால், எடை முகாமைத்துவப் பிரிவுக்காகக் காத்திருந்த மாதங்களும் அங்கு கழிந்த மாதங்களும் பல இடங்களில் அக்கணக்கில் சேர்வதில்லை. நோயாளி மூன்று ஆண்டுகள் காத்திருந்திருப்பார். ஏட்டிலோ மூன்று மாதங்களே பதிவாகியிருக்கும்.

அந்த ஏட்டுக் கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. நோயாளர்களில் 92 சதவீதமானோருக்கு 18 வாரங்களுக்குள் சிகிச்சை ஆரம்பிக்கப்பட வேண்டும் என்ற இலக்கு 2016 ஆம் ஆண்டின் பின்னர் எட்டப்படவில்லை. கொவிட் பெருந்தொற்றின்போது பிற்போடப்பட்ட சத்திரசிகிச்சைகளுள் பருமனுக்கான சத்திரசிகிச்சை முதன்மையானவற்றுள் ஒன்று. மீள ஆரம்பிக்கப்பட்டபோது அது கடைசி வரிசையில் நின்றது. இதில் ஒரு முரண்பாடு உண்டு. உடற்பருமன் கொவிட் மரண அபாயத்தை அதிகரிக்கின்றது என்று கூறி, 2020 ஜூலையில் எடைக் குறைப்புப் பிரசாரத்தை முன்னெடுத்தவர், அதே ஆண்டு ஏப்ரலில் அத்தொற்றினால் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட அப்போதைய பிரதமர் போரிஸ் ஜோன்சனே. 2023 செப்டெம்பரில் இங்கிலாந்தின் மொத்தக் காத்திருப்புப் பட்டியல் 77 இலட்சம் சிகிச்சைகளைத் தாண்டியது. 18 வார இலக்கை 2029 மார்ச் மாதத்துக்குள் மீண்டும் எட்டுவதாக இன்றைய தொழிற்கட்சி அரசாங்கம் வாக்களித்துள்ளது.

இங்கு கவனிக்க வேண்டிய பிரதான விடயம் ஒன்றுண்டு. சில சிகிச்சைகள் பிந்தினால் நோயாளி வேதனையைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆயினும் சிகிச்சையின் பயன் பெரிதும் குறைவதில்லை. இச்சத்திரசிகிச்சை அவ்வாறானதன்று. சுவீடன் ஆய்வின் தொடர்ச்சியாக 2014 ஆம் ஆண்டு வெளியான பெறுபேறுகள், நீரிழிவு ஏற்பட்டுக் குறுகிய காலத்துக்குள் சத்திரசிகிச்சை பெற்றவர்களே அந்நோயிலிருந்து விடுபடும் வாய்ப்பைக் கூடுதலாகக் கொண்டிருந்தனர் என்பதை உணர்த்தின. இன்சுலினைச் சுரக்கும் கலங்கள் காலப்போக்கில் நலிவடைந்துவிடுவதே இதற்குக் காரணம். எனவே, காத்திருப்புக் காலத்தில் சிகிச்சை தள்ளிப்போவதுடன் அதன் பயனும் சிறுகச் சிறுகக் கரைகின்றது. இடைப்பட்ட காலத்தில் முழங்கால் தேய்கின்றது. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகின்றது. வேலைக்குச் செல்வதும் கடினமாகின்றது. அச்செலவுகள் சுகாதார அமைச்சின் கணக்கில் இன்று தென்படாவிடினும், நாளை சிறுநீரகச் சிகிச்சையாகவும் நலன்புரிக் கொடுப்பனவாகவும் அரசிடமே வந்து சேரும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் இவ்வரிசை பின்தள்ளப்படுவதற்கு, 'தன் வினைக்குத் தானே பொறுப்பு' என்ற எண்ணமே பெருங் காரணமாகும். வாயைக் கட்டினால் போதும் என்பது எமது சமூகத்திலும் வேரூன்றிய கருத்து. ஆனால், குறைந்த எடையை மீண்டும் கூட்டுவதற்காக உடலே பசியைத் தூண்டி, சக்திச் செலவைக் குறைக்கின்றது என்பதும், பருமனில் பரம்பரையின் பங்கு கணிசமானது என்பதும் இன்று மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மைகளாகும். புகைபிடித்தவருக்கு இருதய சத்திரசிகிச்சை செய்வதற்கு எவரும் தயங்குவதில்லை. பருமனானவரிடம் மாத்திரம் தகுதிச் சான்றிதழ் கேட்பது நியாயமாகாது.

வரிசையின் நீளம் விதியினால் நிர்ணயிக்கப்படுவதன்று என்பதற்கு, இதே போன்று அரச நிதியில் சுகாதார சேவையை நடத்தும் கனடா ஓர் எடுத்துக்காட்டாகும். 2007 ஆம் ஆண்டு அந்நாட்டில் 6,783 பேர் இச்சத்திரசிகிச்சைக்காகக் காத்திருக்க, ஓராண்டில் செய்யப்பட்டவை 1,313 மாத்திரமே. அதாவது, சராசரிக் காத்திருப்பு ஐந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. எமது மக்கள் பெருந்தொகையாக வாழும் ஒன்டாரியோ மாகாணம், தனது நோயாளர்களை அரச செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2009 ஆம் ஆண்டு அம்மாகாணம் இதற்கென வைத்தியசாலை வலையமைப்பொன்றை உருவாக்கி, உள்ளூரிலேயே வசதிகளைப் பெருக்கியது. 2006-07 இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,600 ஆக இருந்த சத்திரசிகிச்சைகளின் எண்ணிக்கை, 2012-13 இல் ஏறத்தாழ 6,000 ஆக உயர்ந்தது. கனடாவில் காத்திருப்பு ஒழிந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. அரசாங்கம் தீர்மானித்தால் வரிசை நகரும் என்பதே இது தரும் பாடமாகும்.

புதிய ஊசி மருந்துகள் வந்துவிட்டமையால் இப்பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்று வாதிடுவோரும் உளர். டேர்செபடைட் என்னும் மருந்தை தேசிய சுகாதார சேவையில் பயன்படுத்துவதற்கு 'நைஸ்' 2024 டிசெம்பரில் அங்கீகாரம் அளித்தது. ஆனால், அதனைத் தகுதியுடைய அனைவருக்கும் கொண்டுசெல்ல 12 ஆண்டுகள் வரை அவகாசம் வழங்கப்பட்டுள்ளது. முதல் மூன்று ஆண்டுகளில் அதனைப் பெறவிருப்போர் ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம் பேர் மாத்திரமே. இது புதியதொரு வரிசையே தவிர வேறல்ல. வசதியுள்ளோர் தனியார் மருந்தகங்களில் பணம் கொடுத்து வாங்குகின்றனர். பொறுமையிழந்தோர் துருக்கி போன்ற நாடுகளுக்கு விமானம் ஏறுகின்றனர். பல்வேறு மருத்துவத் தேவைகளுக்காகத் துருக்கிக்குச் சென்ற பிரித்தானியர்களில் 20 இற்கும் மேற்பட்டோர் 2019 ஜனவரியின் பின்னர் உயிரிழந்துள்ளதாக பிரித்தானிய வெளிவிவகார அலுவலகம் எச்சரித்துள்ளது. மலிவு விலையில் சத்திரசிகிச்சை கிடைக்கலாம். நாடு திரும்பிய பின்னர் கசிவோ கிருமித் தொற்றோ ஏற்பட்டால், அங்குள்ள வைத்தியர் அருகில் இருக்கப்போவதில்லை.

அவ்வாறாயின், வரிசையில் நிற்பவர் செய்யக்கூடியது என்ன? முதலாவதாக, தாம் எந்த வரிசையில் நிற்கின்றார் என்பதை எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். இங்கிலாந்தில் முதலாவது நிபுணர் சந்திப்புக்கான வைத்தியசாலையைத் தெரிவு செய்யும் உரிமை நோயாளிக்கு உண்டு. 18 வாரங்கள் கடந்தால் மாற்று வைத்தியசாலையைக் கோரவும் இடமுண்டு. இவ்வுரிமைகளை அறியாதோர் பலர். ஆங்கிலம் சரளமாக வராத எமது முதியோர் அவர்களுள் அதிகம். இரண்டாவதாக, காத்திருப்புக் காலத்தையே சிகிச்சையின் தொடக்கமாகக் கொள்ளலாம். குருதி வெல்லத்தைக் கட்டுப்படுத்துதல், புகைத்தலை விடுதல், தூக்க மூச்சுத் தடைக்குச் சிகிச்சை பெறுதல், இரும்பு மற்றும் உயிர்ச்சத்துக் குறைபாடுகளைச் சீர்செய்தல் ஆகியன சத்திரசிகிச்சையின் ஆபத்தைக் குறைப்பவை. மெதுவாக மென்று உண்ணவும், சோற்றையும் இடியப்பத்தையும் குறைத்துப் புரதத்துக்கு முதலிடம் கொடுக்கவும் இப்போதே பழகியவருக்குப் பின்னைய வாழ்க்கை இலகுவாகும்.

மூன்றாவது விடயம் குடும்பத்தவருக்கு உரியது. திருமண வீட்டிலும் கோவில் அன்னதானத்திலும் ஒருவரது உடலைப் பற்றிப் பலர் முன்னிலையில் கருத்துக் கூறுவதை நாம் அன்பின் வெளிப்பாடாக எண்ணுகின்றோம். கேட்பவரோ அடுத்த விழாவுக்கு வராமலே இருந்துவிடுகின்றார். ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவரைத் தனிமையும் தாழ்வுணர்ச்சியும் நோயைப் போலவே வாட்டும். அவருடன் மாலையில் நடந்து செல்ல ஒருவர் முன்வருவது, நூறு அறிவுரைகளை விட மேலானது.

ஆயினும், நோயாளியின் பொறுமையை அரசின் கடமைக்கு மாற்றீடாக்க முடியாது. குடும்ப வைத்தியர் கடிதம் எழுதிய நாளிலிருந்து காத்திருப்பு கணக்கிடப்பட வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரது இடமும் எதிர்பார்க்கக்கூடிய காலமும் அறிவிக்கப்பட வேண்டும். நீரிழிவு புதிதாக ஏற்பட்டவர்களுக்கு முன்னுரிமை என்பது வழிகாட்டல் நூலிலிருந்து வைத்தியசாலைக்கு இறங்கி வரவேண்டும். காத்திருப்போருக்கு இடைக்காலப் பராமரிப்பு உறுதிப்படுத்தப்பட வேண்டும். இவை பெருஞ் செலவை வேண்டுவன அல்ல. முதல் இரண்டும் நேர்மையை மாத்திரமே வேண்டுவன.

இலவச சுகாதார சேவையைப் பெருமையாகக் கொண்டாடும் எமது நாட்டிலும், அரச வைத்தியசாலைகளில் இருதய சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டு மாதக்கணக்கில் காத்திருப்போரை நாம் அறிவோம். நீரிழிவு இங்கும் பெருகி வரும் நிலையில், இங்கிலாந்தின் இன்றைய வரிசை எமது நாளைய வரிசையாகலாம். கட்டணமின்றி வழங்கப்படும் சிகிச்சைக்கும் ஒரு விலை உண்டு. அதனை நோயாளி தனது ஆயுளின் நாட்களால் செலுத்தும் நிலை ஏற்படுமாயின், அது இலவச சிகிச்சை என்னும் பெயருக்கே இழுக்காகும்.