வினோதினி: மறுத்ததற்கு விதிக்கப்பட்ட தண்டனை

காரைக்கால் வினோதினியின் கொலையை ‘ஒருதலைக் காதல்’ என்றே செய்திகள் எழுதின. 23 வயதுப் பொறியாளர். காவலாளி ஒருவரின் மகள். சென்னையில் பணியேற்று, குடும்பத்தைத் தாங்கத் தொடங்கியிருந்தவர். 2012 தீபாவளிக்கு ஊர் வந்துவிட்டு, நவம்பர் 14 இரவு சென்னைக்குப் புறப்பட்டவர்மீது, அவரால் மறுக்கப்பட்டவன் அமிலம் வீசினான். பார்வை பறிபோனது, 2013 பிப்ரவரி 12 அன்று உயிரும் பிரிந்தது. இதில் காதல் எங்கே இருக்கிறது?

அதற்கு ஒரு வாரம் முன்னர்தான், நவம்பர் 7 அன்று, தருமபுரி நத்தம் உள்ளிட்ட தலித் குடியிருப்புகளைச் சாதிவெறிக் கும்பல் கொளுத்தியது. தலித் இளைஞரை ஒரு பெண் விரும்பி மணந்ததையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். பெண் சம்மதித்தாலும் மறுத்தாலும், முடிவு அவளுடையதன்று என்று அச்சுறுத்துவதைப் பயங்கரவாதம் என்றே அழைக்கவேண்டும். வினோதினியைக் கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அமில விற்பனையைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதோ 2013 ஜூலை 18 அன்று, அவர் இறந்து ஐந்து மாதங்களுக்குப் பின்.